ரஃபத்தின் அப்பா வரும் வரை

விஷ ஜுரம் ஊரையே சூறையாடிய அந்த ஐப்பசியில் வேலூர் மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி வரைக்கும், அங்கிருந்து ஜட்கா வண்டியிலுமாக அண்ணன் கொண்டுவந்து சேர்த்த முனவ்வர் பேகத்துக்கும் பாய்தான் கிடைத்தது. அவளுக்கு நிறைமாதம். ஜுரம் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. தங்கையை விட்டுவிட்டு அண்ணன் மக்பூல் அகமது அதே வண்டியில் திரும்பிவிட்டார். அவர் வீட்டிலும் எல்லோரும் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள்.

பிரசவம் பார்த்தது நர்ஸ் பொன்மலர். பெண் குழந்தை. சுள்ளி போல மெலிந்திருந்தாலும் அழுகை மட்டும் வராந்தா முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் முனவ்வர் பேகம் கண்ணைத் திறந்தாள்.

"நர்ஸம்மா, நான் பொழைக்க மாட்டேன். எனக்குத் தெரியுது."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"கேளுங்க. இவங்க அப்பா பேரு அமீர் பாஷா. யுத்தத்துல பட்டாளத்துக் குதிரைங்களுக்கு ஜீன் தைக்கறதுக்குப் பஸ்ராவுக்குப் போய்க்கீறாரு. எங்க வூட்ல பொம்பளைங்க யாரும் மிச்சமில்ல. மாமியார் போய்ட்டாங்க, எங்க அண்ணியும் போய்ட்டாங்க. அவரு வர்ற வரைக்கும் இவள யாராச்சும் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேன்." யோசிக்காமல் பொன்மலரின் வாயிலிருந்து வந்துவிட்டது.

முனவ்வர் பேகம் அவளையே பார்த்தாள். "பாத்துக்குவீங்க. நீங்க நல்லவங்க. அதான் எனக்கு பயமா கீது. அவள எங்க பொண்ணாவே வெச்சிருந்து அவங்க அப்பா கையில குடுக்கணும். பேர மாத்தக் கூடாது. மார்க்கத்த மாத்தக் கூடாது. ரஃபத் ஜஹான். அதான் அவ பேரு. மாத்த மாட்டேன்னு உங்க சாமி மேல ஆணையிடுங்க."

"ஆணையிடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா. ஆமான்னு சொன்னா ஆமாதான். நான் சொல்றேன். ஆமா."

அது போதுமா என்று முனவ்வர் பேகம் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். விடிந்தபோது அவள் இல்லை.

செய்தி போய் மக்பூல் அகமது வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து செய்து கையெல்லாம் ஆவாரம்பட்டைக் கறை ஏறிய மனிதர். மனைவியைப் புதைத்த மண் காய்வதற்குள் தங்கையையும் வேலூரிலேயே புதைத்தார். பிறகு குழந்தையின் காதருகே குனிந்து பாங்கு ஓதினார். ஓதி முடித்ததும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போலக் கையில் ஏந்தியபடியே நின்றார்.

"எங்க வூட்ல பால் காய்ச்சக்கூட ஆள் இல்லம்மா. நாலும் ஆம்பளப் பசங்க. விடிஞ்சா நான் ஷாப்புக்குப் போவணும். மச்சானுக்குக் காகிதம் போட்டுக்கீறேன். அவரு வர்ற வரைக்கும்..."

பொன்மலர் கைகளை நீட்டினாள்.

அந்தக் கைகளுக்கு ஒரு கதை உண்டு. அவளும் அவள் கணவன் கிருபானந்தமும் இரண்டு குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள். ஒன்று பிறந்த அன்றே போனது. மற்றது பல் முளைக்கும்வரை இருந்து போனது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் தவறாமல் பிறர் குழந்தைகளைக் குளிப்பாட்டித் துடைத்துத் தாய்மார் பக்கத்தில் கிடத்திவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த கிருபானந்தமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு அவருக்குப் பொழுது போய்விடும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று துணியில் சுற்றிய குழந்தையோடு அவள் வாசலில் வந்து நின்றபோது, கிருபானந்தம் ஆட்டுப்பால் வாங்கிவர ஓடினார். சங்கில் புகட்டினார்கள். முதல் வாய் உள்ளே இறங்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"கர்த்தர் குடுத்தாரு மலரு" என்றார்.

"குடுக்கலங்க" என்றாள் அவள். "பாத்துக்கச் சொல்லியிருக்காரு."

சொல்வது சுலபமாக இருந்தது. அதன்படி நடப்பது அடுத்த நாள் காலையிலேயே கஷ்டமானது, அதற்கடுத்த நாளும்.

சபையில் இருந்தவர்கள் குழந்தைக்கு ரூத் என்று வேதாகமப் பேர் வைத்துவிட்டார்கள். "ரூத்து வந்துட்டாளா?" என்று கொஞ்சுவார்கள். ஒவ்வொரு தடவையும் பொன்மலர் சிரித்துக்கொண்டே, "ரஃபத்துங்க. ரஃபத் ஜஹான்" என்று திருத்துவாள். சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. கறி எடுப்பதென்றால் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, பாய் கடைக்கே நடந்து போய் வாங்கினாள். பண்டிகைக்கு உறவுக்காரர்கள் பன்றிக்கறி கொண்டுவந்தால் வாசலிலேயே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவது நின்றது. காலையில் கிருபானந்தம் போவார், மாலையில் அவள் போவாள். பாட்டில் அவள் குரலும் அவர் குரலும் சேர்ந்து ஒலித்த நாட்களை நினைக்கும்போது அவளுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

போதகர் ஜார்ஜ் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர். காபியை ஆற்றிக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"தாயில்லாத பிள்ளைய ஆண்டவர் உங்க மடியில போட்டிருக்காரு. அதோட ஆத்துமாவ நெனச்சுப் பாத்தியாம்மா? ஞானஸ்நானம் குடுத்துடலாமே."

"அவங்க அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன் ஐயா."

"செத்துப்போனவங்களுக்குக் குடுத்த வாக்கு."

"குடுக்கறப்ப உயிரோடதான் இருந்தாங்க ஐயா."

போதகர் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பெண்கள் கூட்டத்தில் ஜெபம் நடத்த அவளைக் கூப்பிடுவது குறைந்தது. விசுவாசம் கம்மி என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழந்தையின் தலையில் வெகுநேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடியில் அக்தரி பேகம் என்றொரு விதவை, சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதவும் உருதுவும் கற்றுக்கொடுத்து வந்தாள். மூன்று வயதில் ரஃபத்தை அவளிடம் கொண்டுபோய் உட்கார வைத்தவள் பொன்மலர்தான். அக்தரி பேகத்துக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

"நீங்க இன்னாத்துக்கு இத செய்றீங்க?"

"அவங்க அப்பா வந்து அவகிட்ட பேசறப்ப, அவளுக்கு அவங்க பாஷை தெரியணும் இல்லீங்களா?"

ரஃபத் பிஸ்மில்லா சொல்லக் கற்றுக்கொண்டு வந்து, சாப்பிடும் முன் கணீரென்று சொன்னாள். கிருபானந்தமும் பொன்மலரும் தலைகுனிந்து மனசுக்குள் தங்கள் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டார்கள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்து, "நீங்க ஏன் சத்தமா சொல்லல?" என்று கேட்கும்.

ஒரே ஒரு வார்த்தைதான் பொன்மலரைப் படாதபாடு படுத்தியது. குழந்தைக்கு அவள் மலரம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தாள். முஸ்லிம்களின் இடுகாடான கபரஸ்தான் மதிலோரம் போகும்போதெல்லாம் தூக்கிக் காட்டி, "அதோ அந்த வேப்பமரத்துக்குக் கீழதான் உங்க அம்மா தூங்கறாங்க" என்பாள். ரஃபத்தும் சமர்த்தாகக் கையசைப்பாள். ஆனால் தூக்கக் கலக்கத்திலோ, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலோ, "அம்மா" என்றுதான் ஓடி வருவாள். மலர் என்ற பாதி எங்கேயோ உதிர்ந்துபோகும். அந்த நேரங்களில் பொன்மலர் திருத்தமாட்டாள். வாரி எடுத்துக்கொள்வாள். பிறகு, அந்த வார்த்தைக்காக நாள் முழுக்கத் தான் காத்திருந்ததை நினைத்து வெட்கப்படுவாள்.

பஸ்ராவிலிருந்து எப்போதாவது மக்பூல் அகமதுக்குக் காகிதம் வரும். யுத்தம் முடிந்தும் அமீர் பாஷா வரவில்லை. அங்கே ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை என்றார்கள். ஊருக்கு வந்து யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று எழுதியிருந்தாராம். மக்பூல் அகமது பெருநாளுக்குப் பெருநாள் பாவாடைத் துணியோடு வந்து அதைச் சொல்லிவிட்டுப் போவார். "இன்னும் வரலம்மா" என்று அவர் சொல்லும்போது பொன்மலரின் நெஞ்சில் ஒரு சந்தோஷம் குப்பென்று எழும். அதற்காகவே தினமும் ஜெபத்தில் அமீர் பாஷாவின் பெயரைச் சொல்லி, அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்பாள். நாக்கு கேட்கும், நெஞ்சு கேட்காது. இருந்தாலும் கேட்பாள்.

ரஃபத்துக்கு நான்கு வயது முடிந்த கோடையில் அம்மை போட்டது. உடம்பெல்லாம் வாரிப் போட்டு, ஜுரம் ஏறி, கண் சொருகிப் படுத்துவிட்டாள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, நெஞ்சிலும் சளி கட்டியிருக்கிறது, இன்றைய பொழுது தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். நண்பகல். தெருவில் காக்கை கத்துவதுகூட இல்லை. பொன்மலர் ஈரத்துணியால் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தாள். குழந்தைக்கு மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது.

கிருபானந்தம் உள்ளே வந்தார். கையில் ஒரு வெண்கலக் கிண்ணம். அதில் தண்ணீர்.

"ஆபத்துல யார் வேணும்னாலும் குடுக்கலாம் மலரு. சபையில அதுக்கு எடம் இருக்கு. ரெண்டு சொட்டு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அந்தக் கிண்ணம் அவர்களுடைய முதல் குழந்தைக்கு அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்த கிண்ணம் என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் குழந்தை பரலோகத்தில் இருக்கிறது என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் அவர் தூங்கி எழுந்திருக்கிறார்.

பொன்மலருக்கும் கை நீண்டது. ஒரு கணம் அவளும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்தாள். இந்தப் பிள்ளை போய்விட்டால் எங்கே போய்த் தேடுவாள்? அந்த இரண்டு குழந்தைகளோடு இவளும் இருப்பாள் என்று நினைத்துக்கொள்ளலாமே. முனவ்வர் பேகம் எழுந்து வந்து கேட்கப்போகிறாளா?

"நான் ஆமான்னு சொன்னேங்க" என்றாள்.

"அவ போய்ட்டா என்ன செய்வ?"

"தெரியலியே." அவள் அழுதாள். "தெரியலங்க. ஆனா ஏமாத்தி எடுத்துட்டுப் போய் இவள கர்த்தர் முன்னாடி நிறுத்தினா, அவர் என்ன கேப்பாரு? இவ யாரு பொண்ணுன்னு கேக்க மாட்டாரா? அவளப் படைச்சவருக்கு அவள எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாதா? நம்மளுக்குக் குடுத்த வேல பாத்துக்கறதுதாங்க. அத மட்டும் செய்வோம்."

கிருபானந்தம் அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, குழந்தையின் உள்ளங்காலில் ஒற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் அக்தரி பேகம் கேள்விப்பட்டு ஓடிவந்து, குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினாள். கால்மாட்டில் இருவரும் முழங்காலில் நின்றார்கள். மறுநாள் ரஃபத் கண் விழித்து, வாய் கசக்கிறது, வெல்லம் வேண்டும் என்றாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் அமீர் பாஷா வந்துவிட்டார்.

தனியாக வரவில்லை. மச்சான் மக்பூல் அகமதையும் பள்ளிவாசல் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, தாடியில் நரை விழுந்த மனிதர். அவர் சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறார் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. மிஷன்காரர்கள் வீட்டில் வளர்ந்த பெண் இந்நேரம் என்னவாக மாறியிருப்பாளோ என்று வழியெல்லாம் யாரோ அவர் காதில் ஓதியிருக்க வேண்டும்.

ரஃபத் வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உருதுவில் அவள் பெயரைக் கேட்டார்.

"ரஃபத் ஜஹான்" என்றாள் அவளும் உருதுவிலேயே.

"அப்பா பேரு?"

"அமீர் பாஷா. பஸ்ராவுல இருக்காரு. குதிரைக்கு ஜீன் தைப்பாரு. அம்மா வேப்பமரத்துக்குக் கீழ தூங்கறாங்க." பிறகு தானாகவே சேர்த்துச் சொன்னாள்: "அவரு வந்தா என்னக் கூட்டிட்டுப் போவாரு. தெனமும் மலரம்மா துவா கேக்கறாங்க."

அமீர் பாஷா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முண்டாசை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். என்னவென்று புரியாமல் குழந்தை உள்ளே ஓடி வந்து பொன்மலரின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

அன்றே கூட்டிக்கொண்டு போக அவருக்கு உரிமை இருந்தது. பொன்மலர்தான் கேட்டாள். "பாய், ஒரு உதவி பண்ணுங்க. உடனே கூட்டிட்டுப் போனா பயந்துடுவா. கொஞ்ச நாளைக்கு தெனமும் வந்து போங்க. அவளே உங்க கையப் புடிச்சுட்டு வர்ற வரைக்கும்."

அவர் மச்சானைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலூரிலேயே தங்கினார். தினமும் வந்தார். பொன்மலர் குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்து, அப்பாவோடு கடைத்தெருவுக்கு அனுப்பிவைத்தாள். முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பி ஓடிவந்தாள் ரஃபத். பிறகு தூரம் கூடிக்கொண்டே போனது. கூடவே அப்பாவின் கதைகளும் வீட்டுக்கு வந்தன. ஒட்டகம், ஈச்சமரம், மணல் காற்று. சாப்பிடும்போது அதைத்தான் பேசினாள். தன் கையாலேயே ஒவ்வொரு நூலாகப் பிரித்து அவிழ்ப்பது போலிருந்தது பொன்மலருக்கு. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அமீர் பாஷா அவளைச் சகோதரி என்று கூப்பிட்டுக் கேட்டார். "பெஹன், நீங்க நெனச்சிருந்தா இவள உங்க பொண்ணாவே ஆக்கியிருக்கலாம். நான் வரவே மாட்டேன்னு நெனச்சவங்கதான் ஜாஸ்தி. ஏன் செய்யல?"

பிரசங்கம் செய்யப் பொன்மலருக்கு வராது. "நான் கும்பிடறவருக்கு அது பிடிக்காதுங்க பாய்" என்றாள்.

ஜட்காவில் காட்பாடி வரைக்கும் கிருபானந்தமும் அவளும் போனார்கள். ரயில் ஏறும்வரை ரஃபத் குதித்துக்கொண்டுதான் இருந்தாள். மலரம்மாவும் ஏறப்போகிறாள் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. வண்டி நகர்ந்து, பொன்மலர் பிளாட்பாரத்திலேயே நிற்பதைப் பார்த்ததும்தான் "அம்மா" என்று கத்தினாள். ஜன்னலிலிருந்து அந்தக் குரல் தேய்ந்து போகும்வரை பொன்மலர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னத் தட்டு கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதை எடுத்து வைக்க இருவருக்கும் மனசு வரவில்லை.

பிறகு ரஃபத்தைப் பார்க்கப் பொன்மலர் ஆம்பூருக்குப் போனாள். அமீர் பாஷா அன்போடு அழைத்திருந்தார். அவர் மறுமணம் செய்துகொண்டிருந்தார். வந்தவள் தங்கமான பெண். ரஃபத் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, பொழுதுக்கும் மடியைவிட்டு இறங்கவில்லை. இரண்டாம் முறை போய்த் திரும்பியபோது, வழியனுப்ப வந்த அமீர் பாஷா ரொம்பத் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க பெஹன். நீங்க வந்து போன பிறகு அவ சாப்பிட மாட்டேங்கறா. என் வூட்டுக்காரி எவ்ளோ கொஞ்சினாலும் கிட்டவே போறதில்ல. வாசலப் பாத்துக்கினே உக்காந்துக்கீறா. நான் வரவேணாம்னு சொல்லல..."

"புரியுதுங்க பாய்" என்றாள் பொன்மலர். "கொஞ்ச காலம் நான் வரல. அவ இங்க வேரு புடிக்கட்டும்."

அந்தக் கொஞ்ச காலம் வருஷங்களாக நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி ஒன்றாக ஆராதனைக்குப் போனார்கள். போதகர் ஜார்ஜ் ஒரு நாள் வாசலில் அவளை நிறுத்தி, ஏதோ சொல்ல வந்து, "கூட்டத்துல நீ ஜெபம் பண்ணும்மா" என்று மட்டும் சொன்னார். பண்ணினாள். தோல் வாசனை வீசும் துணியோடு ஆம்பூர்ப் பெண் யாராவது வார்டுக்கு வந்தால், ஜுரம் பார்ப்பதற்கு முன்பே எந்தத் தெரு என்று கேட்பாள். வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது ரஃபத் ஜஹானின் பெயரைச் சொல்வது கிருபானந்தம்தான். அவள் சொன்னால் முடிக்க முடியாது.

கடைசியில் மக்பூல் அகமதே வந்து சொன்னார். "இப்ப வெவரம் தெரிஞ்ச பொண்ணாய்ட்டாம்மா. அழமாட்டா. வந்து பாத்துட்டுப் போங்க."

ரம்ஜான் கழிந்த வாரம் போனாள். கதவைத் திறந்தது ரஃபத்தான். உயர்ந்திருந்தாள். தலையில் முக்காடு, ஒரு பல் விழுந்த வாய். பொன்மலரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அம்மீ, யாரோ வந்துக்கீறாங்க" என்று குரல் கொடுத்தாள்.

பொன்மலர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். இதற்குத்தானே விட்டுக் கொடுத்தாள்? இப்படி ஆகட்டும் என்றுதானே விலகி நின்றாள்? ஆகியும்விட்டது.

உள்ளேயிருந்து அமீர் பாஷாவின் மனைவி விரைந்து வந்து, "அடியே, உன் மலரம்மாடி!" என்றாள். ரஃபத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து இரு கையாலும் நீட்டினாள். நன்றாக வளர்க்கப்பட்ட பெண், வந்த பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை. பொன்மலர் வாங்கிக் குடித்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள். ரஃபத் பதில் சொன்னாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். அவன் அவள் இடுப்பில் பழகின இடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை, பேச்சின் நடுவில், ரஃபத் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஏதோ ஞாபகத்துக்கு வரப்போகிற மாதிரி இருந்தது. தம்பி சிணுங்கியதும் அது கலைந்துபோயிற்று.

புறப்படும்போது ரஃபத் தெரு வரைக்கும் கூட வந்தாள்.

"திரும்ப வருவீங்களா?"

"வர்றேன்டா கண்ணு."

"எப்ப?"

"நீ எப்ப கூப்பிட்டாலும்."

கிருபானந்தம் விளக்கேற்றி வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தார். "அடையாளம் தெரிஞ்சுதா?" என்றார்.

"இல்லங்க." செருப்பைக் கழற்றினாள். "நல்லா இருக்கா. வளந்துட்டா. அம்மாவ அம்மீன்னு வாய் நெறையக் கூப்பிடறா." அவர் அவளை உட்கார வைத்துச் சோறு போட்டார். சாப்பிடும் முன் இருவரும் தலை குனிந்தார்கள். அவர் வழக்கம்போல ரஃபத் ஜஹானின் பெயரைச் சொன்னார். அமீர் பாஷாவின் பெயரையும், அவர் மனைவி பெயரையும், புதிதாகத் தெரிந்துகொண்ட அந்தத் தம்பியின் பெயரையும் இன்று பொன்மலர் தானே சேர்த்துச் சொன்னாள்.